நொச்சித்தீவாரைக் கேட்டு எழுதியது

நன்று விளைக. மழை தன் பருவம் மறவாதிருக்க.

ஆற்றுவாய் ஏழும் காத்து, ஆவிரை மாலை சூடி, மருதவாயில் மாநகரில் வீற்றிருந்து கோல் செலுத்தும் ஆவிரைக்கோன் மாவேள் மன்னரின் வாய்மொழிப்படி, அவர்தம் ஓலைநாயகம் காவிதி வெண்ணாகன் எழுதுவது. கடலை வேலியாகவும் உப்பை விளைவாகவும் உடைய நொச்சித்தீவின் ஊரவைப் பெருமக்களும், தோணித்துறையாரும், உப்பளத்தாரும், அவர்தம் மனையோரும் மக்களும் காண்க. உங்கள் கிணறுகள் ஊறுக. உங்கள் தோணிகள் புறப்பட்ட துறைக்கே மீளுக. உங்கள் வீடுகளில் விளக்கேற்றும் கைகள் நெடுநாள் வாழ்க.

இவ்வோலையின் முடிவில் மன்னர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறார். அது எப்படிப் பிறந்தது என்று அறியாமல் மறுமொழி சொல்ல இயலாதென்று அவர் கருதுவதால், உங்கள் ஊர்ப் பெண்மணி சேந்தியாருக்கு இந்நகரில் நேர்ந்தது முழுவதும் முதலில் சொல்லப்படுகிறது. நீவிர் அறிந்தவையும் இதில் வரும். ஓலை அவையில் உரக்கப் படிக்கப்படும் என்பதாலும், போருக்குப் பின் பிறந்த பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள் என்பதாலும் ஒன்றும் விடப்படவில்லை.

ஆவிரைப் படை உங்கள் தீவை வென்று போர் ஓய்ந்த ஆண்டில், தீவு மீண்டும் கிளர்ந்தெழாது என்பதற்குப் பிணையாக உங்களுள் ஒருவரைக் கோநகருக்கு அனுப்புமாறு மன்னரின் படைத்தலைவர் கேட்டார். கல்வியுடையாரை மன்னர் போற்றுவார், ஆதலின் கற்றவர் போனால் துன்பமின்றி இருப்பார் என்று எண்ணி நீவிர் சேந்தியாரைத் தேர்ந்தீர்கள். பொருள்கள் எவற்றால் ஆயின, பல எவ்வாறு ஒன்றாகின்றன என்று ஆராயும் கல்வியில் அவர் பெயர் கடல் கடந்தும் பரவியிருந்தது. அப்போது அவர் மணமாகிச் சில ஆண்டுகளே ஆனவர். கணவர் மாதிரன் காயலில் தோணி விடுபவர். கரை கண்ணில் தெரியும் தொலைவுக்கு அப்பால் போயறியாதவர். கலம் புறப்பட்ட காலையில் துறையில் வந்து நின்ற அவர், சந்தைக்குப் போகிறவளை வழியனுப்புவதுபோல, “போயிட்டு வா” என்று மட்டும் சொன்னாராம். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று சில நாள் வருந்தியதாகவும், வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தம்மால் கலத்தில் ஏறியிருக்க முடியாதென்று பின்னர்த் தெளிந்ததாகவும் சேந்தியார் இவ்வோலை எழுதுவோனிடம் கூறியதுண்டு.

மருதவாயிலில் அவருக்கு ஒரு குறையும் வைக்கப்படவில்லை. தாமரைக் குளத்தின் தென்கரையில் வீடும், பணிப்பெண்களும், புலவர் பேரவையில் இருக்கையும் தரப்பட்டன. ஆயினும் தீவார் எவரும் கோநகருக்குள் வரலாகாதென்ற தடை இருந்ததால் அவரைக் காண ஒருவரும் வரவில்லை. பிணையாக இருந்தவர் ஆதலால் அவரும் போக இயலவில்லை. ஆற்றுமீன் சேறு நாறுகிறதென்று தட்டில் தள்ளி வைத்துவிடுவார். பிற்பகலில் காற்றுத் திரும்பிக் கடற்புறத்திலிருந்து உவர்ப்பு ஏறி வரும் சிறுபொழுதில், எவ்வளவு பெரிய வாதம் நடந்துகொண்டிருந்தாலும் சொல்லை நிறுத்திவிடுவார். காற்று அடங்கியபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். பேரவையினர் முதலில் நகைத்தனர். பின்னர் அவர்களும் அப்பொழுதில் வாய்மூடியிருக்கப் பழகிவிட்டனர்.

திறைக்கலம் தீவிலிருந்து திரும்பும்போதெல்லாம் அதன் தலைவனைத் தம் வீட்டுக்கு அழைத்து மோர் கொடுப்பார். “உப்பு நல்லா விளைஞ்சுதா? வடக்குக் கிணத்துல தண்ணி இன்னும் இனிப்பாத்தானே இருக்கு? கோயில் மரம் காத்துக்கு நிக்குதா?” என்று ஊரிலுள்ள ஒவ்வொன்றையும் கேட்பார். அவன் எழுந்து வாசல்வரை போனபின், நினைவுக்கு வந்ததுபோல, “காயல்ல தோணி விடுறவரு, மாதிரன்னு பேரு, அவரு எப்படி?” என்பார். “இருக்காரு” என்பான் அவன். அவ்வொரு சொல்லைக் கொண்டு அடுத்த கலம் வரும்வரை அவர் நாட்களைக் கடத்துவார்.

அவர் கொண்டிருந்த கொள்கையையும் இங்கே சொல்லவேண்டும். நடந்தவை யாவும் அதிலிருந்தே நடந்தன. எப்பொருளையும் பகுக்கலாம், பகுத்ததை மீண்டும் பகுக்கலாம். அவ்வாறு போய்க்கொண்டே இருந்து பகுக்க இயலாத ஒன்றில் முடியாவிட்டால், உலகம் தொகையாக இருக்குமேயன்றி எதனுடைய தொகை என்று சொல்ல ஒன்றும் இராது. ஆகவே பகாப்பொருள்கள் உண்டு என்பார். நம்முள் நின்று ‘நான்’ என்று சொல்வது அத்தகைய ஒன்று. பகாப்பொருளுக்குப் பகுதியில்லை, பகுதியில்லாததற்கு வாயில் இல்லை, வாயில் இல்லாததற்குள் வேறொன்று புக வழியில்லை. அது செய்வன இரண்டே: தான் நிற்கும் இடத்திலிருந்து உலகு முழுவதையும் தன்னுள்ளே காண்பது ஒன்று, இன்னும் தெளிவாகக் காணாததை வேண்டுவது மற்றொன்று. கல்லில் இருப்பது மங்கலாய் வேண்டுகிறது, மாந்தர் தெளிவாய் வேண்டுகின்றனர். வேண்டாதது உலகில் எதுவுமில்லை என்பது அவர் துணிபு.

இவ்வாறு தனித்தனியே அடைபட்டவை கூடி ஒன்றாவது எப்படி என்பதே அவருடைய ஓயாத கேள்வி. நெற்குவையை ஒன்றென்கிறோம், அது நம் சொல்லால் ஒன்று. மந்தையை ஒன்றென்கிறோம், அது நம் கண்ணால் ஒன்று. மாலையை நார் உண்மையாகவே ஒன்றாக்குகிறதே என்று இவ்வோலை எழுதுவோன் குளக்கரையில் ஒருநாள் சொன்னபோது, “பூவை நார் கட்டுது, சரி. நாரை எது கட்டுது ஐயா? அதுவும் இழைதானே?” என்றார். வாழும் உடல் மட்டும் வேறு என்று அவரே ஒப்புவார். விரல்நுனி சுட்டால் உடல் முழுவதும் சுருங்குகிறது, அங்கே தலைமைகொண்ட ஓர் உயிர் இருந்து எல்லாவற்றையும் தன்னுள் காண்கிறது. ஆனால் அத்தலைமை உயிரும் வாயிலில்லாத ஒன்றே. அப்படியாயின் அதையும் மற்றவற்றையும் சேர்க்கும் கட்டு யாது, அது எங்கே இருக்கிறது என்று இவன் விடாது கேட்டால், “தெரியலை ஐயா. இங்க வந்துதான் நின்னுட்டேன்” என்று குளத்தைப் பார்ப்பார்.

ஒருமுறை இவன் துணிந்து, அவரும் அவர் கணவரும் ஒன்றா, தொகையா என்று கேட்டுவிட்டான். அவர் சினக்கவில்லை. “அவரும் தனி, நானும் தனி. ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகாதுன்னு நானே இத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன். ஆனா அவர் இல்லைங்கிறது எனக்குள்ளதானே இருக்கு? இல்லாதது எப்படி ஐயா உள்ள வந்து உக்காந்துது?” என்றார்.

இவ்வாறு ஆண்டுகள் சென்றன. சென்ற கோடையில் மன்னர் ஒரு பெருங்காரியம் எண்ணினார். ஆற்றுவாய்ப் பாறையில், ஆவிரை நாடும் நொச்சித்தீவும் ஓருடலும் ஓருயிருமாகிய ஒரே பொருள், இனிப் பிரிப்பாரில்லை என்று கல்லெழுத்து வெட்டுவதும், அதன்பின் தீவின் ஊரவையையும் பெயரையும் நீக்கி அதனை நாட்டின் உட்பிரிவுகளுள் ஒரு கூற்றமாக்குவதும் அவர் கருத்து. உண்மையில் அது ஒன்றே என்று புலவர் பேரவை சான்று சொல்லவேண்டும் என்றார். பேரவைத் தலைவர் பூதனாகர் சான்று வரைந்தார்; எல்லாரும் கையொப்பமிட்டனர். ஆயினும் தீவார் ஏற்பது சேந்தியாரின் சொல்லையே என்று மன்னருக்குத் தெரியும். அவரை அழைத்து, பேரவையில் அவர் வாயால் சான்று சொல்லவேண்டுமென்றும், சொன்னால் பிணை நீங்கிக் கலமேறி ஊருக்குப் போகலாமென்றும், சொல்லாவிட்டால் வாழ்நாள் முழுதும் தீவைக் காண இயலாதென்றும் அறிவித்தார்.

சேந்தியார் வீட்டுக்கு வந்து துணிகளை மடித்து வைத்தார் என்பதை மறைப்பதற்கில்லை. உங்கள் பெருமைக்காகச் சிறிதும் தயங்காமல் மறுத்தார் என்று எழுதினால் அது பொய்யாகும். மடித்தவற்றைப் பெட்டியில் அடுக்கினார். பெட்டியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார். அதன்மேலேயே உட்கார்ந்தும் கொண்டார். “ஒரு சொல்லுதானே ஐயா. சொல்லிட்டுப் போயிடவா?” என்று இவ்வோலை எழுதுவோனைக் கேட்டார். சொல்லிவிடுங்கள் என்றே இவன் வேண்டிக்கொண்டான். “எனக்கு அங்க போகணும். கால்ல மணல் ஒட்டணும். அவரோட சண்டை போடணும். வேற ஒண்ணும் வேண்டாம்” என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் அழுதார்.

மறுநாள் முற்பகலில் பேரவை கூடியது. பூதனாகர் எழுந்து, மன்னர் உயிரென்றும், நாடு உடலென்றும், தீவு அதன் இடக்கையென்றும், கையைப் பார்த்து நீ உடலோடு சேர்ந்தாயா என்று எவரும் கேட்பதில்லையென்றும் அழகுற உரைத்து அமர்ந்தார். அடுத்துச் சேந்தியார் அழைக்கப்பட்டார். அவர் எழுந்து மன்னரை வணங்கினார். “வேந்தே, எனக்கு ஊருக்குப் போக ஆசை. அதை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா இனிமே நான் சொல்றது அந்த ஆசைக்கு எதிரா இருக்கும்” என்று தொடங்கினார்.

பிறகு அவர் பூதனாகரை நோக்கிக் கேட்டது இது: “கையைச் சுட்டா உயிருக்குத் தெரியும். சரிதானே ஐயா? கடல் பொங்கித் தீவுக்குள்ள வந்துச்சே, ஒரு வருஷம், எத்தனை வீடு போச்சு, எத்தனை பேரு போனாங்க. அன்னைக்கு இந்த ஊருல யாருக்கு வலிச்சுது? இங்க அப்ப வேனில் விழா. திறை குறைஞ்சப்பதான் என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. வலிக்காத கை உங்க கை இல்லை. கயித்தால கட்டி வச்சிருக்கிற வேற யாரோட கையோ.”

அவர் மன்னரிடம் திரும்பினார். “பலதை ஒண்ணாக்கற கட்டு எதுன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியலை. நேத்து பெட்டி மேல உக்காந்திருந்தப்பதான் தெரிஞ்சுது. அது வெளியிலேருந்து வந்து போடுற கட்டு இல்லை. ஒவ்வொண்ணும் தனக்குள்ள மத்ததை வேண்டுதே, அந்த வேண்டுதல்தான் கட்டு. ரெண்டு பக்கமும் அது இருந்தா கடல் நடுவுல இருந்தாலும் ஒண்ணு. அது இல்லாட்டா ஒரே கல்லுல பேரு வெட்டினாலும் ரெண்டுதான். வேண்டுன்னு யாரும் யாருக்கும் ஆணை போட முடியாது, வேந்தே. அதனால இந்தச் சான்றை நான் சொல்லமாட்டேன்.”

மன்னர் முகம் சிவந்ததை எழுதலாம் என்று மன்னரே இசைவளித்துள்ளார். அவர் மேலும் ஒரு சொல் கேட்கவில்லை. சேந்தியாரை வடகோட்டை மாடத்தில் வைக்குமாறும், இனி அவர் எஞ்ஞான்றும் தீவு காணலாகாதென்றும் அங்கேயே ஆணை பிறந்தது. அம்மாடத்துச் சாளரம் வயற்புறம் பார்த்தது. கடற்காற்று அங்கே எட்டாது.

அதன்பின் பேரவை முன்போலவே கூடியது. ஆனால் பிற்பகலில் காற்றுத் திரும்பும் பொழுது வந்ததும், பேசிக்கொண்டிருந்தவர் எவராயினும், தம்மையறியாமல் நிறுத்திவிடுவார். பூதனாகரும் நிறுத்தினார். சேந்தியாரின் இருக்கை வெறுமையாக இருக்க, காரணமின்றி எல்லாரும் வாய்மூடியிருப்பதை ஒருநாள் மன்னர் பார்த்துவிட்டு, ஏன் இந்த மௌனம் என்று வினவினார். எல்லாரும் அந்த இருக்கையைப் பார்த்தனர். மன்னர் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அவருக்கு வாதங்களில் சுவை குன்றியது என்பது அருகிருந்தோர் கண்டது.

திறைக்கலத்தின் தலைவன் வாயிலாக, சேந்தியார் சிறைப்பட்ட செய்தி தீவை எட்டியது. அடுத்து நடந்தது உங்களுள் பலருக்குத் தெரியாது. வாடைப் பருவம், பெருங்கலங்களே துறையில் கட்டிக்கிடக்கும் காலம். அப்போது மாதிரனார் தம் காயல் தோணியை அவிழ்த்துக்கொண்டு தனியே கடலில் இறங்கினார். எத்தனை நாள் கடலில் கிடந்தார் என்று அவருக்கே நினைவில்லை. ஆற்றுவாய்க் காவலர் அவரைக் கண்டெடுத்தபோது, பாய் கிழிந்து, உதடு வெடித்து, உப்பேறிய தோல் புண்ணாகி, கிடந்தபடியே துடுப்பைப் பற்றியிருந்தார். தடையை மீறி நுழைந்த தீவான் என்பதால், நடக்க முடிந்ததும் அவரை மன்னர்முன் நிறுத்தினார்கள்.

“தடை உனக்குத் தெரியுமா?” என்று மன்னர் கேட்டார்.

“தெரியும் ராசா.”

“உங்கள் ஊரவை அனுப்பியதா?”

“அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா கட்டிப் போட்டிருப்பாங்க.”

“அவளை விடுவிக்கும்படி கேட்க வந்தாயா?”

“நீங்க விடமாட்டீங்கன்னு கப்பம் வாங்க வர்ற கலத்துக்காரர் சொன்னாரு. எனக்குப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பழக்கமில்லை. அவளை வெச்சிருக்கிற எடத்துலயே என்னையும் வெச்சிருங்க. அது போதும்.”

மன்னர் இருக்கையில் முன்சாய்ந்தார். பிறகு, அரசவையில் வழக்கமில்லாத மெல்லிய குரலில், “அப்படியானால் யார் சொல்லித்தான் வந்தாய்?” என்றார்.

மாதிரனாருக்குக் கேள்வி விளங்கவில்லை. அருகில் நின்ற காவலர் முகத்தைப் பார்த்தார், மன்னரைப் பார்த்தார். “யாரு சொல்லணும்?” என்றார்.

அவ்வளவே நடந்தது. மன்னர் இருக்கையிலிருந்து இறங்கி, தாமே முன்நடந்து, மாதிரனாரையும் இவ்வோலை எழுதுவோனையும் அழைத்துக்கொண்டு வடகோட்டைக்குப் போனார். மாடத்துக் கதவு திறக்கப்பட்டது. சேந்தியார் சாளரத்தடியில் உட்கார்ந்து முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். மன்னரைக் கண்டு எழுந்தார். அவர்பின் நின்ற மெலிந்த, முடி கொட்டிய, புண்பட்ட முகத்தினரையும் கண்டார். எழுந்து நின்றபடியே, அயலாரைக் கேட்பதுபோல, “இவரு யாரு?” என்றார்.

தம்மை அடையாளம் காணாமல் சேந்தியார் கேட்டது மாதிரனாரைத் தாக்கியது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. “நான்தான், சேந்தி” என்றார்.

குரல் மாறவில்லை போலும். சேந்தியாரின் கையிலிருந்த முறம் சாய்ந்து விதைகள் தரையெங்கும் உருண்டன. அவர் கிட்டே வந்து, தொடாமல், கணவரின் நெற்றியையும் காதையும் தோளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “முடியெல்லாம் போச்சே” என்றார். “நீ மட்டும் என்ன, கெழவியாயிட்ட” என்றார் அவர். அதன்பின் இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டனர். அழுகை ஒன்றாகவே வந்தது. மன்னர் திரும்பிச் சாளரத்துக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால், வீட்டுக் கூரையின் மேற்குப் பக்கம் யார் வேய்ந்தது, சின்ன நாத்தனாரை எங்கே கட்டிக்கொடுத்தது, ஆடு என்ன ஆயிற்று என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. நாட்டையாளும் ஒருவர் இத்தனையும் நின்று கேட்டார்.

பின்னர் ஒருநாள் சேந்தியார் இதைக் குறித்து இவ்வோலை எழுதுவோனிடம் சொன்னது எழுதத்தக்கது. “நான் இத்தனை வருஷம் உள்ள வெச்சுப் பாத்துக்கிட்டிருந்தவரு இவரு இல்லை ஐயா. அவரு நானா பண்ணிக்கிட்டவரு, வயசே ஆகலை. இவரு வேற. நான் நினைச்சே பாக்காத புண்ணோட வந்து நிக்கறாரு. ஆனா வேண்டினது மட்டும் தப்பாம இவருகிட்டதான் போய்ச் சேர்ந்திருக்கு. வாயில் இல்லாதது எப்படிப் போச்சுன்னு இன்னும் எனக்குத் தெரியலை. போச்சு, அவ்வளவுதான்” என்றார். தம் கொள்கையில் ஒரு விரிசல் அப்படியே இருக்கிறதென்றும், அதை அடைக்க இப்போது அவசரமில்லையென்றும் சேர்த்துச் சொன்னார்.

அன்று மாடத்தில், அழுகை ஓய்ந்தபின் மன்னர் திரும்பி, “அம்மையே, உம் தீவு எங்களை வேண்டவே இல்லையா?” என்று கேட்டார்.

“எனக்கு எப்படித் தெரியும் வேந்தே? வேண்டுறவங்களும் இருப்பாங்க, வேண்டாதவங்களும் இருப்பாங்க. நீங்க ஒருதடவைகூடக் கேக்கலையே” என்றார் சேந்தியார்.

மன்னர் அரண்மனைக்கு மீண்டு பேரவையைக் கூட்டினார். பூதனாகர் எதிர்வாதம் செய்தார்: வென்றவர் தோற்றவரைக் கேட்பது வாளைத் தாழ்த்துவதாகும், வேண்டா என்று அவர்கள் சொல்லிவிட்டால் மற்ற கூற்றங்களும் அதையே சொல்லத் துணியும், ஒரு நாடு காண்போர் கண்முன்னே குவையாய்ச் சரிந்துவிடும் என்றார். அதில் உண்மை இல்லாமலில்லை என்று மன்னரும் ஒப்பினார். ஆயினும், சரியக்கூடியது முன்னரே குவைதான் என்றும், தாம் ஆள்வது யாதென்று அறியாமல் மூப்படைவதைவிட அறிந்து சிறிதாவது நன்றென்றும் விடையிறுத்து, இவ்வோலையை எழுதப் பணித்தார்.

ஆகவே ஆவிரைக்கோன் மாவேள் மன்னர் நொச்சித்தீவாரைக் கேட்பது: ஆவிரை நாட்டோடு நீவிர் ஒன்றாயிருக்க வேண்டுகிறீரா? தீவில் வயதுவந்த ஆடவர் பெண்டிர் அனைவரும் ஊர்ப்பொதுவில் கூடி, அஞ்சாமலும் முகத்துக்காகச் சொல்லாமலும் எண்ணிச் சொல்க. சேர்ந்திருப்போம் என்றால் எவ்வகையில் என்பதையும் நீவிரே சொல்க; எங்களிடம் நீவிர் வேண்டுவது யாதென்றும், வேண்டாதது யாதென்றும் ஒளிக்காமல் சொல்க. பிரிந்திருப்போம் என்றால் அச்சொல்லும் அவ்வாறே ஏற்கப்படும். அதற்காக ஒரு கலமும் உங்கள் துறைநோக்கிப் புறப்படாது. மறுமொழி வரும்வரை திறை வாங்கப்படாது. உங்கள் கடலில் நின்ற காவற்கலங்கள் ஆற்றுவாய்க்கு இப்பால் திருப்பி அழைக்கப்பட்டுவிட்டன. தீவார் கோநகருக்கு வரும் தடை நீங்கியது. இனி எவரும் எவர்க்கும் பிணையாகார். ஆற்றுவாய்ப் பாறையில் எழுத்து வெட்டும் பணி நிறுத்தப்பட்டது.

இவ்வோலை கொணர்வோர் சேந்தியாரும் அவர் கணவர் மாதிரனாரும். இருவரும் எக்கட்டுமின்றி அனுப்பப்படுகின்றனர். மறுமொழியை அவர்களே கொண்டுவர வேண்டுமென்பதில்லை. அவர்கள் திரும்பி வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். மாதிரனாரின் தோணி செப்பனிடப்பட்டுக் கலத்தின் பின்னால் கட்டி அனுப்பப்படுகிறது. புண் இன்னும் ஆறவில்லை; துறையில் இறங்கும்போது கைகொடுப்பார் இருக்கவேண்டும்.

இது கோவின் ஆணை. ஓலைநாயகம் வெண்ணாகன் கைப்பட எழுதியது. மன்னர் கேட்டு, திருத்தம் சொல்லி, மீண்டும் கேட்டு ஒப்பியது. ஆவிரைப்பூப் பொறித்த இலச்சினை இடப்பட்டது. காண்போர் நலம் காண்க.

இலச்சினை இட்டபின், அதற்கு வெளியே சேர்த்துக் கட்டிய ஓலை நறுக்கு:

மன்னர் தம் வாழ்நாளில் நொச்சித்தீவைக் கண்டதில்லை, போரில் அதை வென்று கொண்டவர் படைத்தலைவரே. மாதிரனார் விடைபெற்றபோது, உங்கள் கரை எப்படி இருக்கும் என்று மன்னர் கேட்டார். “மணலுதான் ராசா” என்று அவர் சொன்னார். அதிலிருந்து மன்னருக்கு அதைப் பார்க்கவேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. உங்கள் மறுமொழி எதுவாயினும் ஆகுக; அதைச் சொல்லி முடித்தபின், கடல் அடங்கும் பருவத்தில், முரசும் படையுமின்றி ஒரு தோணியில் தாம் அங்கு வரலாமா என்று கேட்கிறார். வேண்டா என்றால் வரமாட்டார்.

இது ஆணையன்று.